வெறும் புட்டியின் வாக்குமூலம்

கோடை தன் முதுமையிலும் செங்கோலை இறக்கி வைக்க மறுத்தது. வானம் நீலத்தை இழந்து, சாம்பல் பூத்த வெண்கலத் தட்டைப்போல் ஊரின்மேல் கவிழ்ந்து கிடந்தது. ஆறு தன் நடையை மறந்து மணலுக்குள் ஒளிந்தது. ஆங்காங்கே சில குட்டைகள் மட்டும் கண் விழித்திருந்தன. மரங்கள் இலையசைக்கவும் சலித்து நின்றன. பறவைகள் பாட்டை விட்டு, நிழலின் விளிம்பில் அலகு திறந்து இளைத்தன. இத்தகைய பருவத்தில் மாந்தர்க்குத் தெய்வமும் தண்ணீரும் வேறல்லாமல் ஆகிவிடுகின்றன. இரண்டின் முன்னும் இரு கையையும் குவித்தே நிற்கிறார்கள். குவித்த அந்தக் கையில் ஒருவன் அறிந்தே நஞ்சை ஊற்றுவானானால், அவனைச் சுடுவதற்குக் கோடையின் வெயில் போதாது.

துப்பறிவாளரின் நெஞ்சு அன்று அந்த வெயிலையும் தோற்கடித்தது. விடியலில் தம் துதிப்பாடலை முழுவதும் பாடி முடிக்காமல் ஒரு வாய் நீரும் பருகாத அவர், அன்று பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். நாவில் இறைவன் பெயரும் நெஞ்சில் வசவுமாக அமர்ந்திருக்க அவரால் முடியவில்லை.

முந்தைய நாள் மருத்துவமனையில் கண்ட காட்சி அவரை உறங்கவிடவில்லை. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இரத்தத்தில் ஈயம் ஏறி, சுருண்டு கிடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் தாய் நின்றாள். வானொலியும் மின்விசிறியும் பழுது பார்த்துப் பிழைக்கும் கைம்பெண் அவள். பற்றவைக்கும் ஈயக்கம்பி நாள்தோறும் அவள் விரல்களில் புரளும். அதுவே அவள் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஈயம் இல்லை என்று ஆய்வகம் சொல்லிவிட்டதால், குழந்தைக்கு நஞ்சு வந்த வழி தாயின் கைதான் என்று காவல்துறை முடிவு கட்டியது. குழந்தையைத் தொடக்கூடாதென்று தடையும் விதித்தது. மறுநாள் மாலை நீதிமன்றம் கூடி, குழந்தையை அதன் பெரியப்பாவிடம் ஒப்படைக்க இருந்தது. அந்தத் தாயோ கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து நின்றாள். "இப்ப சுத்தமா இருக்குல்லங்க, இப்பவாவது தொடலாமா" என்று கண்ணாடிக்கு இப்பால் அந்தக் கைகளை விரித்துக் காட்டினாள்.

ஈயம் மேலும் உள்ளே போகாமல் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிள்ளை போகவிருந்ததோ, அது நோயில் விழுந்த அதே பெரியப்பா வீட்டுக்கு.

"அத்தான், கொஞ்சம் மெதுவா நடங்க. நீங்க போற வேகத்துல உங்க நிழலே பின்தங்கிடுச்சு" என்று பின்னால் ஓடி வந்தார் மச்சான்.

மச்சான் என்பவர் துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயதில் முன்வழுக்கையும், எந்நேரமும் ஓயாத வாயும் உடையவர். அக்காளைக் கொடுத்த உரிமையில் அத்தானுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். அத்தானுக்குக் கோபம் வந்தால் பால் தானாகக் காய்கிறது, அக்காளுக்கு அடுப்புச் செலவு மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர்.

பெரியப்பாவின் வீடு அந்தத் தெருவிலேயே உயரமானது. அவர் குழாய் ஒப்பந்தக்காரர். அத்தெருவின் வீடுகளுக்கெல்லாம் தொட்டி கட்டிக் குழாய் பதித்தவர். கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து, இறந்துபோன தம்பியின் மனைவியையும் குழந்தையையும் மாடியில் வைத்திருந்தார். வாசலுக்கே வந்து இருவரையும் வரவேற்று, மின்விசிறியின் கீழ் அமர்த்தினார். தம்பி மகள் தம் மகளேதான் என்றார்; சொல்லும்போது கண் கலங்கவும் செய்தார். பிள்ளை படுத்ததில் மனம் கேட்காமல், ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்துப் போன மறுநாளே, பழைய குழாய்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டதாகவும் சொன்னார். பழையவை எங்கே என்று துப்பறிவாளர் கேட்டார். உருக்குகிறவனிடம் போட்டாயிற்று என்று பதில் வந்தது. ஆய்வுக்குத் தண்ணீர் பிடித்தது யார் என்று கேட்டார். வந்த போலீஸ்காரர் வெயிலில் வாடிப் போயிருந்தார், அவரை இங்கேயே உட்கார வைத்துவிட்டு நானே பின்கட்டுக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன், முத்திரை வைத்தது அவர்தான் என்றார் ஒப்பந்தக்காரர், உபசரித்த பெருமையோடு.

குடிக்கத் தண்ணீர் வந்தது. கூடத்து மூலையில் இரும்புத் தாங்கி ஒன்றின்மேல் கவிழ்த்திருந்த விலைத்தண்ணீர்க் கேனிலிருந்து அதைப் பிடித்தார்கள். துப்பறிவாளர் தண்ணீரைப் பார்க்கவில்லை. தாங்கியின் கால்களையே பார்த்தார். பிறகு கை கழுவ வேண்டுமென்று பின்கட்டுக்குப் போனார்.

அங்கே குழாயடியில் வெண்சலவைக்கல் பதித்திருந்தது. முகம் பார்க்கலாம்போல் பளபளத்த அந்தக் கல்லில், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் ஒளி செத்துச் சொரசொரத்தது. துப்பறிவாளர் குனிந்து கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"யாரோ எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்காங்க அத்தான்" என்றார் மச்சான். "எங்க வீட்டுக் கல்லுல நான் ஒருதரம் புழிஞ்சேன். கல்லு அழிஞ்சுது, எங்கம்மா வாயி மட்டும் இன்னைக்கு வரைக்கும் அழியல."

அத்தான் சிரிக்கவில்லை. அப்போது அவருடைய கோபம் வேறொருவர்மேல் இருந்தது.

அந்த வேறொருவர் ஆய்வகத் தலைவி. நரைத்த கூந்தலை இறுக முடிந்து, பேனாவை அதில் செருகியிருந்த அம்மையார் அவர். துப்பறிவாளர் அவருடைய அறைக்குள் நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தன. உட்காரவும் இல்லை, வணங்கவும் இல்லை.

"அந்தத் தண்ணியில ஈயம் இல்லன்னு எழுத உங்களுக்கு யார் சொன்னாங்க?"

ஆய்வகத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் கோபம் வரும் என்பதைத் துப்பறிவாளர் அப்போதுதான் அறிந்தார்.

"என் மெஷினுக்கு ஒப்பந்தக்காரரையும் தெரியாது, உங்களையும் தெரியாது. பாட்டில்ல மிச்சத் தண்ணி இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே மறுபடி பார்க்கறேன். ஈயம் வந்தா நான் இந்த வேலையை விட்டுடறேன். வரலன்னா நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அந்தக் கதவைத் தாண்டணும்."

"பந்தயம் நியாயமாத்தான் இருக்கு" என்று மச்சான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா எங்க அத்தான் மன்னிப்புக் கேட்டு எங்க அக்காவே பார்த்ததில்ல மேடம்."

ஆய்வகத் தலைவி மறுபடி முத்திரையிட்டு வைத்திருந்த புட்டியைத் திறந்தார். மிஞ்சியிருந்த நீரைச் சிறு கிண்ணத்தில் வார்த்தார். அதில் அளந்து சிறிது அமிலம் விட்டார். பிறகு ஒரு மெல்லிய கண்ணாடிக் கோலை நீரில் இறக்கினார். கோலின் நுனியில் தலைமுடியினும் மெல்லிய கரியிழை ஒன்று புதைந்திருந்தது. அதுதான் நுண்மின்முனை. கடல் நீரில் கரைந்த ஒரு சிட்டிகை உலோகத்தையும் மோப்பம் பிடிக்கும் மூக்கு என்று அதைக் குறித்து அவர் பெருமையாகச் சொன்னார். மின்னழுத்தம் கொடுத்து, நீரில் கலந்திருக்கும் உலோகங்களையெல்லாம் அந்த நுனிக்கு இழுத்துப் படியவைக்க வேண்டும். பிறகு அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், படிந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று நீருக்குத் திரும்பும். ஈயம் கழலும் இடம் ஒன்று. செம்பு கழலும் இடம் அதற்கப்பால். கழலும்போது திரையில் ஓடும் கோடு மேடிட்டு எழும். மேட்டின் இடம் உலோகத்தின் பெயரைச் சொல்லும். அதன் உயரம் அளவைச் சொல்லும்.

"புரிஞ்சுது" என்றார் மச்சான். "வீட்டுக்கு வந்த விருந்தாளிங்கள உபசாரம் பண்ணி உட்கார வெச்சுட்டு, அப்புறம் மெதுவா ஃபேனை நிறுத்தறோம். முதல்ல எழுந்து போறவர் ரோஷக்காரர். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கறவர் எங்க சித்தப்பா."

ஆய்வகத் தலைவியின் இதழோரம் அசைந்தது. ஆனால் பார்வை திரையை விட்டு நகரவில்லை. கோடு ஓடியது. ஈயம் எழ வேண்டிய இடத்தில் கட்டாந்தரைபோல் கிடந்தது. அதைக் கடந்து, செம்புக்குரிய இடத்தில் எறும்புப் புற்றளவு லேசாக எழுந்து அடங்கியது.

"பார்த்தீங்களா?"

துப்பறிவாளர் பார்த்தார். நெஞ்சில் கனன்ற தீ விழ இடமில்லாமல் அவர் கைகளிலேயே விழுந்தது. குற்றமற்ற ஒருத்திக்காக வந்தவர், குற்றமற்ற மற்றொருத்தியைச் சுட்டிருக்கிறார். கண்ணாடிக்கு இப்பால் விரிந்த தோலுரிந்த கைகள் நினைவில் வந்தன. சன்னலுக்கு வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார், இரு கையும் கூப்பி.

மச்சான் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நின்றார். அக்காளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள் என்று அவர் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

கோபம் தணிந்த ஆய்வகத் தலைவி காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு, சுவரோரம் இருந்த அமிலத்தொட்டியை நோக்கி நடந்தார். எத்தனையோ புட்டிகள் அதில் மூழ்கிக் கிடந்தன. இங்கே எதையும் வீணாக்குவதில்லை, ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, அடியில் சில சொட்டு அமிலம் விட்டு மறுபடி அனுப்பிவிடுவோம் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

துப்பறிவாளரின் கட்டைவிரலில் ஒரு சொரசொரப்பு உயிர்த்தது.

"அனுப்பும்போதே ஆசிட் விடுவீங்களா? எதுக்கு?"

"இல்லன்னா ஈயம் தண்ணியில நிக்காது சார். ரெண்டு மூணு நாள்ல பாட்டில் சுவத்துல போய் ஒட்டிக்கும். தண்ணிய மட்டும் ஊத்திப் பார்த்தா…"

அவர் பேச்சு நின்றது. கையிலிருந்த புட்டி தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நின்றது. துப்பறிவாளர் அதற்குள் தொட்டியின்மேல் தம் தோளை வைத்து மறித்திருந்தார்; சட்டையின் முழங்கைப் பகுதி அமிலத்தில் நனைந்ததை அவர் உணரவில்லை.

"அதைக் கீழ வைங்கம்மா" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

புட்டியின் அடியில் இன்னும் ஒரு துளி நீர் திரண்டிருந்தது. ஆய்வகத் தலைவி லிட்மஸ் தாளின் நீலத் துண்டொன்றைக் கிழித்து அத்துளியில் நனைத்தார். அமிலம் இருந்தால் அது சிவக்க வேண்டும். தாள் நீலமாகவே நனைந்து கிடந்தது.

"கொட்டியிருக்காங்க" என்றார் அவர். "எங்க பாட்டில்ல ஆசிட் எப்பவும் இருக்கும்னு நம்பி, நான் இதைப் பார்க்கவே இல்ல. ஊத்தினதுக்கு அப்புறம் கிண்ணத்துல ஆசிட் விட்டு என்ன பிரயோஜனம்? ஒட்டினது எல்லாம் இதுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு." அவர் முகம் சிவந்தது. இம்முறை அந்தக் கோபம் தம்மீதே திரும்பியிருந்தது.

"அப்ப தண்ணிய விட்டுடுங்க" என்றார் துப்பறிவாளர். "பாட்டிலைப் பேச வைங்க."

அந்த வெறும் புட்டியில் ஆய்வகத் தலைவி தூய அமில நீரை விட்டு மூடிச் சுழற்றினார். அலமாரியிலிருந்து பயன்படுத்தாத புட்டி ஒன்றையும் எடுத்து, அதற்கும் அவ்வாறே செய்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது, இன்று நம்பிக் கெட்டது போதும் என்றார். இரண்டும் மேசைமேல் ஊறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நீதிமன்றத்தில் கொடுக்க அறிக்கையின் கையொப்பமிட்ட நகல் வேண்டும் என்று ஒப்பந்தக்காரரே வந்து நின்றார், வெள்ளைச் சட்டையும் நெற்றி வியர்வையுமாக.

மச்சான் பாய்ந்து சென்று அவருக்கு நாற்காலி போட்டார். "வாங்கண்ணே, உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா? குழாய்த் தண்ணிதான், ஆனா நல்ல தண்ணி."

வேண்டாம் என்றார் ஒப்பந்தக்காரர்.

முதலில் புதுப் புட்டியின் நீரில் நுண்மின்முனை இறங்கியது. கோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை சமவெளியாக ஓடியது. ஒப்பந்தக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அடுத்து, அவர் கையால் தண்ணீர் பிடித்த புட்டி. கோடு அமைதியாக நடந்து வந்தது. ஈயத்தின் இடத்தை அடைந்தது. அங்கே, உறங்கிக் கிடந்த பாம்பு வாலை மிதித்ததும் படமெடுப்பதுபோல், திரையின் விளிம்பை முட்ட எழுந்து நின்றது.

"ஈயம்" என்றார் ஆய்வகத் தலைவி.

ஒப்பந்தக்காரர் எழுந்தார். "அவ கை பட்டிருக்கும். அவ கை பூரா ஈயம்தானே, ஊருக்கே தெரியும்."

"தண்ணி பிடிச்ச அன்னைக்கு அவளை ஆஸ்பத்திரியில ரெண்டு பெண் போலீஸ் நடுவுல உட்கார வெச்சிருந்தாங்க" என்றார் துப்பறிவாளர். "இந்த பாட்டிலைத் தொட்ட கை உங்களோடது. உங்க பின்கட்டுச் சலவைக்கல்லுல ஒரு இடம் பொரிஞ்சு கிடக்கு. உள்ள இருந்த ஆசிட்டை அங்கதான் கவுத்தீங்க."

ஒப்பந்தக்காரர் சற்றே திகைத்து, உடனே தெளிந்தார். அவர் விடையும் ஆயத்தமாகவே இருந்தது. அடியில் ஏதோ ஈரம் இருந்தது, அழுக்கென்று எண்ணிக் கழுவிவிட்டுப் பிடித்தேன், சுத்தமாகப் பிடித்துக் கொடுப்பதும் ஒரு குற்றமா, படிக்காதவனுக்கு ஆசிட்டும் ஈயமும் என்ன தெரியும் என்றார். சொன்ன விதத்தில் மெய்போலவே ஒலித்தது. அறியாமல் செய்த பிழை என்று நீதிபதி கொள்ளக்கூடும். பிள்ளையைக் கொடுத்துவிடவும் கூடும்.

அப்போது ஆய்வகத் தலைவி கண்ணாடியை அணிந்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க போன வருஷம் இந்த ரூமுக்கு வந்திருக்கீங்க. ஒப்பந்தக்காரங்களுக்கு லைசென்ஸ் வகுப்பு எடுத்தேனே, அதுல முன் வரிசையில உட்கார்ந்திருந்தீங்க. ஆசிட் விடாம பிடிச்சா என்ன மேடம் ஆகும்னு ஒருத்தர்தான் கேட்டார். நல்ல கேள்வின்னு உங்களைப் பாராட்டினேன். படம் போட்டு விளக்கினதும் நான்தான்."

ஒப்பந்தக்காரரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது. பிள்ளை படுத்த பிறகுதான் குழாய் ஈயம் என்று தெரியவந்தது, இடித்த கட்டடத்திலிருந்து வந்த பழைய குழாய், தெரியாமல் பதித்துவிட்டேன், பெயர் கெட்டுவிடுமே என்று பயந்துவிட்டேன் என்றார்.

"பிள்ளை படுத்த பிறகு" என்று துப்பறிவாளர் அந்தச் சொல்லையே திருப்பிச் சொன்னார். அவருடைய கோபம் இப்போது கூச்சலைக் கடந்து, குளிர்ந்த இரும்பாகிவிட்டிருந்தது. "உங்க கூடத்துல தண்ணி கேன் வெச்ச தாங்கியோட கால் நாலும் தரையில துருவட்டம் பதிச்சிருக்கு. தரைக்குள்ளயே ஊறி இறங்கியிருக்கு. அது பத்து நாள்ல பதியற வட்டம் இல்ல. வருஷக்கணக்கா நீங்க கீழ கேன் தண்ணி குடிச்சிருக்கீங்க. மாடியில அந்தக் குழந்தை உங்க குழாய்த் தண்ணி குடிச்சிருக்கு. தெரிஞ்சேதான் குடிக்க விட்டீங்க. அப்புறம் அந்தப் பாவத்தை அதைப் பெத்தவ கையில தடவுனீங்க."

அவர் கை ஓங்கியது. ஓங்கிய கையை அவரே மற்றொரு கையால் பிடித்து இறக்கிக்கொண்டார்.

"அந்தக் குழாய் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?"

ஒப்பந்தக்காரர் நாற்காலியைத் தேடி அமர்ந்தார். சன்னலுக்கு வெளியே, சற்றுத் தொலைவில், அவர் குழாய் பதித்த தெரு விரிந்து கிடந்தது. வீட்டுக்கு வீடு தொட்டிகள் வெயிலில் மின்னின. மச்சானும் அவற்றைப் பார்த்தார். கதவில் சாய்ந்து வழியை மறித்து நின்றபடி, போலீசுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.

நீதிமன்றத்துக்கு ஆய்வகத் தலைவியே நேரில் வந்தார். தம் அறிக்கை தவறு என்று எழுந்து நின்று சொல்ல அவர் தயங்கவில்லை. இரண்டு புட்டிகளின் கோடுகளையும் நீதிபதியின் முன் விரித்தார். தாயின்மேல் இருந்த தடை அங்கேயே நீங்கியது. பிள்ளை தாயோடு வேறு வீட்டுக்குப் போகும். அந்தத் தெருவின் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பவும் ஆணையாயிற்று.

வெயில் மஞ்சளாக முதிர்ந்த வேளையில் அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. தாய் கட்டிலருகே நின்றாள்; ஆனால் பிள்ளையைத் தொடவில்லை. கைகளை முந்தானைக்குள் ஒளித்திருந்தாள்.

"இனிமே தொடலாம்மா" என்றார் துப்பறிவாளர்.

"நிஜமாவாங்க? என் கையில ஒண்ணும் இல்லையே?"

"உன் கையில எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

மச்சான் தம் தோள்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டினார். ஆய்வகத்திலேயே நிரப்பியது, மேடமே பார்த்துக் கொடுத்தது என்றார். அந்தத் தாய் உரிந்த உள்ளங்கையில் கொஞ்சம் நீர் ஏந்தினாள். கண்களை மூடினாள். இதழ்கள் அசைந்தன, ஓசை எழவில்லை. யாரிடம் என்ன சொன்னாள் என்பது அவளும் அவள் வணங்கிய தெய்வமும் மட்டுமே அறிந்தது. பிறகு விரல் நனைத்துப் பிள்ளையின் காய்ந்த இதழ்களை ஈரமாக்கினாள். பிள்ளை கண் திறக்காமலே அந்த விரலைப் பற்றிக்கொண்டது.

துப்பறிவாளர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். காலையில் பாதியில் விட்ட துதிப்பாடலை, விட்ட அடியிலிருந்து எடுத்து, மெல்ல முடித்தார். பிறகு மச்சான் மிச்சம் வைத்திருந்த நீரை வாங்கி, அன்றைய முதல் வாய் பருகினார். கட்டிலை நெருங்கிப் பிள்ளையின் உச்சியில் கை வைத்தார்.

"நல்லா இரும்மா. உங்கம்மா கை உன்னை விட்டு என்னைக்கும் விலகாம இருக்கட்டும். நீ குடிக்கற தண்ணியும், உன் தெருப் பிள்ளைங்க எல்லாரும் குடிக்கற தண்ணியும், அமுதமா இருக்கட்டும்."